உறவினருக்குக் கெமரா பரிசளிக்கப் போகிறீர்களா? பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

என் ராத்தாவின் மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றால் கெமரா வாங்கித் தருவேன் என்று வாக்களித்திருந்தேன். அவள் தன் பங்கை நிறைவேற்றினாள். நானும் கடைக்குப் போனேன். ஒரே அளவான பெட்டிகள் பல அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் 16 மெகாபிக்சல் என்றும் இன்னொன்றில் 20 மெகாபிக்சல் என்றும் இருந்தது. பெயர் கேள்விப்படாத மூன்றாவது பெட்டியில் 48 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16 மடங்கு ஸூம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. விலையும் அதற்குத்தான் குறைவு. ஓர் ஆசிரியன் அதிக புள்ளி எடுத்த விடைத்தாளைத் தேர்ந்தெடுப்பது போல, நானும் அந்த மூன்றாவது பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளில் பிள்ளை வீடு முழுக்கச் சுற்றிப் படம் எடுத்தாள். அதிகமாக எடுத்தது அவளுடைய உம்மும்மாவை, அதாவது என் உம்மாவை. இரவு படங்களைப் பார்த்துவிட்டு, “மாமா, இது ஏன் உங்கட ஃபோனை விட மங்கலா இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள். நல்ல வெளிச்சத்தில் எடுத்துப் பார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த பெருநாள் வருவதற்குள் உம்மா வபாத்தாகிவிட்டார். அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாக அச்சிட எடுத்துக்கொண்டு போனபோது ஸ்டூடியோவில் இருந்த இளைஞர் கணினியில் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேர், இது 48 மெகாபிக்சல் படம் இல்ல. சின்னப் படத்தைக் கெமராவே பெருப்பிச்சு வச்சிருக்கு.” அன்று எடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் உம்மாவின் முகம் தெளிவாக உள்ள ஒன்றுகூட இல்லை. பிள்ளை இதுவரை என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் நான் கற்றுக்கொண்டதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது கெமரா எதற்கு?

நியாயமான கேள்வி. சிபா எனப்படும் ஜப்பானியக் கெமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, 2010 ஆம் ஆண்டில் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கெமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் 10 கோடிக்கும் மேற்பட்டவை சட்டைப் பையில் போடக்கூடிய சிறிய கெமராக்கள். 2023 இல் அந்தச் சிறிய கெமராக்களின் தொகை 20 இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. ஸ்மார்ட்போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்றைய நடுத்தர விலை ஃபோன், மாலை வெளிச்சத்தில் பல படங்களை ஒரே கணத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தெளிவாக்குகிறது. விலை குறைந்த சிறிய கெமராவால் அதைச் செய்ய முடியாது. ஆகவே பரிசு பெறுபவரிடம் நல்ல ஃபோன் இருந்து, அவர் எடுப்பதெல்லாம் வீட்டுக்குள் பிள்ளைகளின் படம் என்றால், கெமரா வாங்கும் பணத்தை வேறு எதற்காவது செலவழிப்பது நல்லது.

ஆனால் ஃபோனை விடச் சிறிய கெமரா பொருத்தமான இடங்களும் உண்டு.

முதலாவது, தூரத்தில் உள்ளதை எடுப்பவர்கள். களப்பில் வரும் பறவை, மைதானத்தில் ஓடும் மகன், பரிசளிப்பு விழா மேடையில் நிற்கும் மகள் ஆகியோரைக் கிட்ட இழுத்து எடுக்க உண்மையான ஸூம் லென்ஸ் வேண்டும்.

இரண்டாவது, வயதானவர்கள். தொடுதிரையில் விரல் வழுக்கி எங்கோ போய்விடும் பெரியவருக்கு, அழுத்தினால் படம் எடுக்கும் ஒரு பொத்தான் பெரிய ஆறுதல்.

மூன்றாவது, பாடசாலைப் பிள்ளைகள். படம் எடுக்கும் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு, அதற்காக மட்டும் இணையத்தோடு ஒரு ஃபோனைக் கையில் கொடுக்கத் தயங்கும் பெற்றோர் நம்மில் அநேகம். கெமராவில் பேஸ்புக்கும் இல்லை, டிக்டொக்கும் இல்லை.

நான்காவது, நமது கல்யாண வீடுகள். பெண்கள் பகுதியில் ஃபோனில் எடுத்த படம் எந்த வட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேரும் என்று எடுத்தவருக்கே தெரியாது. ஒரு சின்னக் கெமராவில் குடும்பப் பெண் ஒருவரே எடுத்து, கார்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் படங்கள் அமானிதமாக வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

இந்த நான்கில் ஒன்று உங்கள் உறவினருக்குப் பொருந்தினால் மேலே வாசியுங்கள்.

மெகாபிக்சல் என்ற மயக்கம்

ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். சாதாரணமாக நாம் அச்சிடும் 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் எடுக்க 1200க்கு 1800 புள்ளிகள் போதும். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 2 மெகாபிக்சல்தான் வரும். ஏ4 தாள் அளவுக்கு அதே தரத்தில் அச்சிட 9 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவாகவே தேவை. ஆகவே பெயர் பெற்ற நிறுவனத்தின் 12 அல்லது 16 மெகாபிக்சல் கெமரா ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

பெயரில்லாக் கெமராக்கள் பலவற்றில் உள்ள சென்சார் சிறியது. அது பிடிக்கும் சில மெகாபிக்சல் படத்தை உள்ளிருக்கும் மென்பொருள் இழுத்து 48 ஆக்கிவிடுகிறது. இல்லாத விபரத்தை இழுத்து உண்டாக்க முடியாது. கோப்பின் அளவு பெரிதாகும், முகம் மட்டும் நீர் பட்ட ஓவியம் போல இருக்கும்.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கெமராவை இயக்குங்கள். உண்மையான ஸூம் கெமராவில் லென்ஸ் குழாய் வெளியே வரும். ஸூம் பொத்தானை அழுத்தும்போது உள்ளே கண்ணாடிகள் நகரும் மெல்லிய சத்தமும் கேட்கும். லென்ஸ் அசையாமல் திரையில் உள்ள படம் மட்டும் பெரிதானால், அது டிஜிட்டல் ஸூம், அதாவது படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுப்பது. நீளத்தில் 4 மடங்கு, அகலத்தில் 4 மடங்கு என்று வெட்டினால் 16 இல் ஒரு பங்குதான் மிஞ்சும். 16 மெகாபிக்சல் கெமராவில் 4 மடங்கு டிஜிட்டல் ஸூம் செய்தால் கையில் இருப்பது 1 மெகாபிக்சல். ஆகவே கடையில் கேட்க வேண்டியது “எத்தனை மடங்கு ஸூம்?” என்றல்ல, “ஒப்டிகல் ஸூம் எத்தனை மடங்கு?” என்று.

உண்மையில் பார்க்க வேண்டியவை

சென்சார்: வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடு இதுதான். விலை குறைந்த சிறிய கெமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குல வகை இருக்கும். அதன் உண்மையான அளவு ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். விலை கூடியவற்றில் ஓர் அங்குல வகை, அதாவது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், இருக்கும். (பெயரில்தான் ஓர் அங்குலம், அளவில் இல்லை.) இரண்டாவது முதலாவதை விடப் பரப்பில் 4 மடங்கு பெரியது. குழாய் விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும் கல்யாணப் படத்தில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

லென்ஸின் திறப்பு: லென்ஸின் முகப்பில் எஃப் என்ற ஆங்கில எழுத்தோடு, அல்லது 1: என்ற குறிக்குப் பின்னால், ஓர் எண் இருக்கும். அந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூட உள்ளே வரும். 2 என்று உள்ள லென்ஸ், 4 என்று உள்ளதை விட 4 மடங்கு வெளிச்சம் வாங்கும்.

அசைவு தடுப்பு: கை நடுங்கினாலும் படம் கலங்காமல் காக்கும் வசதி. இது லென்ஸில் அல்லது சென்சாரில் இருக்க வேண்டும். “டிஜிட்டல்” என்ற சொல் முன்னால் ஒட்டியிருந்தால் அது அந்தளவு பயன் தராது. வயதானவருக்கு வாங்கும்போது இதை விட்டுவிடக் கூடாது.

பெட்டரி: இரண்டு வகை. ஒன்று அந்தந்தக் கெமராவுக்கென்று வரும் லித்தியம் பெட்டரி. மற்றது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ அளவு பெட்டரி. பின்னையதைக் கிராமத்துக் கடையிலும் வாங்கலாம் என்பது வசதி. ஆனால் சாதாரண பெட்டரி சீக்கிரம் முடிந்துவிடும்; திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் வகை வாங்கிக் கொடுப்பது சிக்கனம். லித்தியம் வகை என்றால் அதே பெட்டரி இன்னும் சந்தையில் கிடைக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள்.

மெமரி கார்ட்: எஸ்டி வகைக் கார்ட் போடும் கெமராவையே வாங்குங்கள். சோனி முன்பு பாவித்த மெமரி ஸ்டிக், ஒலிம்பஸும் ஃபுஜிஃபில்மும் பாவித்த எக்ஸ்டி கார்ட் ஆகியவற்றை இப்போது தேடிப் பிடிப்பது கஷ்டம். அதிகம் பழையதல்லாத எந்த எஸ்டி கெமராவிலும் 32 ஜிபி கார்ட் வேலை செய்யும். ஒரு படம் 6 எம்பி என்று வைத்தால் அதில் 5,000 படங்கள் வரை கொள்ளும். மலிவு விலையில் 1 டிபி என்று விற்கும் கார்டை நம்பாதீர்கள். போலிக் கார்ட் நிரம்பிய பின்னும் எடுப்பது போலவே காட்டும், படங்கள் போய்விடும்.

யாருக்கு எந்த வகை?

பிள்ளைக்கு அல்லது முதல் தடவை கெமரா பிடிப்பவருக்கு: கொடக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45, எஃப்இசட்55 என்ற இரண்டும் புதிதாகக் கிடைக்கும் மலிவான கெமராக்கள். இரண்டும் 16 மெகாபிக்சல்தான். முதலாவதில் 4 மடங்கு ஒப்டிகல் ஸூமும் ஏஏ பெட்டரியும். இரண்டாவதில் 5 மடங்கு ஸூமும் லித்தியம் பெட்டரியும். பகலில் நன்றாக எடுக்கும், இரவில் பிளாஷ் வேண்டும்.

குடும்பத்தில் எல்லோரும் பாவிக்க: கெனன் இக்சஸ் வரிசை. 2017 இல் வந்த இக்சஸ் 185 இல் 8 மடங்கு ஸூம், வைஃபை இல்லை. 2016 இல் வந்த இக்சஸ் 285 எச்எஸ் இல் 12 மடங்கு ஸூமும் வைஃபையும் உண்டு. 2014 இல் வந்த சோனி டபிள்யூ830 உம் இதே வகை, 8 மடங்கு ஸூம். பாவித்த சந்தையில் தேடத் தகுந்தவை இவை.

பறவை, விளையாட்டு, மேடை எடுப்பவருக்கு: பனசோனிக் டிஇசட் வரிசை அல்லது 2018 இல் வந்த கெனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ். பின்னையதில் 40 மடங்கு ஒப்டிகல் ஸூம். விலை மேலே சொன்னவற்றை விட நன்றாகக் கூடும். உறவினர்கள் சேர்ந்து கொடுக்கும் பரிசாக இருந்தால் யோசிக்கலாம்.

கலியாண வீடும் இரவு வெளிச்சமும் முக்கியமானவருக்கு: 2012 இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 இன் முதலாவது பதிப்பு. ஓர் அங்குல வகைச் சென்சாரும் 1.8 திறப்பு லென்ஸும் கொண்டது. அமெரிக்காவில் அன்று 650 டொலருக்கு வெளியானது. அதன் பின் பல பதிப்புகள் வந்துவிட்டதால் முதலாவதைப் பாவித்ததாக வாங்குவதே கட்டுப்படியாகும்.

எங்கே வாங்குவது?

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டிப் பக்கத்திலும் இலத்திரனியல் கடைகள் நிறைந்திருக்கின்றன. ஒரே நாளில் மூன்று நான்கு கடை ஏறி விலை கேட்டுப் பாருங்கள். விலையை ஒப்பிடும்போது கெமராவை மட்டும் ஒப்பிடாதீர்கள். கார்ட், மேலதிக பெட்டரி, உறை ஆகியவற்றையும் சேர்த்து மொத்தக் கணக்கைப் பாருங்கள்.

கட்டாரிலோ சவூதியிலோ டுபாயிலோ உள்ள மச்சானிடம் சொல்லி எடுப்பிப்பது நம் வழக்கம். அங்கே தெரிவு கூட இருக்கும். ஆனால் உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செல்லாவிட்டால் பழுதான கெமராவை அடுத்த விடுமுறை வரை அலுமாரியில் வைத்திருக்க வேண்டி வரும். சார்ஜ் செய்யும் துளையையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் தன் சந்தையில் விற்கும் புதிய டிஜிட்டல் கெமராக்களுக்கும் யூஎஸ்பி-சி துளையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தத் துளை உள்ள கெமரா என்றால் ஃபோன் சார்ஜரே போதும்.

பாவித்த கெமரா விடயத்தில் இன்னொன்று. இளைஞர்கள் பழைய டிஜிட்டல் கெமராக்களைத் தேடத் தொடங்கியதால் அவற்றின் விலை சில வருடங்களாக ஏறியிருக்கிறது. “பழசுதானே” என்று கேட்ட விலை கொடுக்க வேண்டாம். ஜப்பானில் இருந்து வரும் பாவித்த கெமராக்களும் உண்டு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட சோனி கெமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். வாங்குமுன் மொழித் தெரிவைத் திறந்து பாருங்கள்.

பாவித்ததை வாங்குமுன் ஐந்து நிமிடச் சோதனை

1. ஐந்து தடவை இயக்கி நிறுத்துங்கள். லென்ஸ் தடையின்றி வெளியே வந்து உள்ளே போக வேண்டும். கடற்கரை மணல் புகுந்த கெமரா இங்கேதான் மாட்டும்.

2. வெள்ளைச் சுவரை, ஸூம் இல்லாமலும் முழு ஸூமிலும் படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே தூசி.

3. டோர்ச் வெளிச்சத்தை லென்ஸ் மேல் சரித்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல நூல் தெரிந்தால் பூஞ்சணம். நம் நாட்டு ஈரப்பதத்தில் இது சாதாரணம், ஆனால் வாங்கக் கூடாது.

4. பெட்டரி மூடி இறுக்கமாகப் பூட்டுகிறதா, பெட்டரி ஊதியிருக்கிறதா, பிளாஷ் அடிக்கிறதா என்று பாருங்கள்.

5. உங்கள் கார்டைப் போட்டு எடுத்த படத்தைக் கணினியில் பெருப்பித்துப் பாருங்கள். கெமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகாகவே தெரியும். நான் ஏமாந்தது அதில்தான்.

பற்றுச்சீட்டு கேட்க வெட்கப்படாதீர்கள்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். அதில் கெமராவின் பெயர், தொடரிலக்கம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். பெட்டியில் எழுதியது பொய்யென்று தெரிந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகார சபையிடம் முறையிடலாம். என் கையில் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. தெரிந்த முகம் என்று கேட்காமல் வந்துவிட்டேன். பரிசுப் பொருள் என்பதால் பற்றுச்சீட்டைக் கிழித்துப் போடுவதும் நம் பழக்கம். விலை தெரியக் கூடாதென்றால் அதை நீங்களே வைத்திருங்கள்.

கொடுக்கும் நாளில்

பெட்டியை ஒட்டியபடியே கொடுக்காதீர்கள். முதல் நாள் இரவு பெட்டரியை சார்ஜ் செய்து, கார்டைப் போட்டு, திகதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள். திகதி பிழையானால் பத்து வருடத்தின் பின் எந்தப் பெருநாள் என்று யாருக்கும் தெரியாது. டிஜிட்டல் ஸூமை நிறுத்தி, தானியங்கி நிலையில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றையும் உறைக்குள் போடுங்கள்.

பிறகு பக்கத்தில் அமர்ந்து நான்கு விடயங்களை மட்டும் காட்டுங்கள்: பொத்தானைப் பாதி அழுத்தி, தெளிவானதும் முழுதாக அழுத்துவது, பிளாஷ் போடுவது, ஸூம் செய்வது, படத்தைக் கணினிக்கு மாற்றுவது. நாலாவது தெரியாத வீட்டில் படங்கள் கார்டிலேயே கிடந்து ஒருநாள் கார்டோடு போய்விடும். மாதம் ஒரு தடவை வேறோர் இடத்தில் பிரதி எடுக்கப் பழக்குங்கள்.

பழைய கெமராவை ஒருவருக்கு விற்பதானாலும் கொடுப்பதானாலும் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த படங்களைத் திரும்ப எடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சில கெமராக்களின் உள்ளேயும் சிறிய சேமிப்பகம் உண்டு, அதையும் வெறுமையாக்கிவிட்டுக் கொடுங்கள். வீட்டுப் பெண்களின் படம் அந்நியர் கையில் போவது இப்படித்தான்.

என் மருமகளுக்குப் பிறகு பாவித்த இக்சஸ் ஒன்றைத் தேடி, மேலே சொன்ன ஐந்து சோதனையும் செய்து வாங்கிக் கொடுத்தேன். பெட்டி இல்லை, ஒரு மூலையில் கீறலும் உண்டு. படம் தெளிவாக வருகிறது. போன நோன்புப் பெருநாளில் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே வாசல் வெளிச்சத்தில் இருத்தி எடுத்து, 4க்கு 6 அளவில் அச்சிட்டு அவரவர் கையில் கொடுத்திருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி எடுக்கப்பட வேண்டிய முகங்கள் இருக்கும். பெருநாள் வருமுன் பொருத்தமான கெமராவைத் தேடி வாங்குங்கள். அதுவரைக்கும், கையில் இருக்கும் ஃபோனிலாவது அவர்களை வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து தெளிவாக ஒரு படம் எடுத்து வையுங்கள்.